மேல்கீல் கணக்கு

என் அருமைச் சவரி அண்ணா, எனக்குத் தீராத தொந்தரவு கொடுத்துவிட்டுப் போனவனே,

நாளைக் காலை பாசஞ்சரில் நான் பட்டணம் போகிறேன். உன் மூலைமட்டம், உன் அடிக்கோல், உன் பவுண்டன் பேனா மூன்றும் பைக்குள் இருக்கின்றன. பேனா இன்னும் ஒழுகிக்கொண்டுதான் இருக்கிறது. நீ இருந்தபோதே அதைத் தூக்கிப் போடச் சொன்னேன், கேட்டாயா? இப்போது என் விரலெல்லாம் மசி.

எதற்குப் போகிறேன் என்று சொன்னால் நம்ப மாட்டாய். பரீட்சை எழுதப் போகிறேன். உன் பரீட்சைதான் அது, பம்பாய் தபால் பள்ளிக்கூடத்தின் கட்டடப் படிப்பு. ஆனால் ஹால் டிக்கெட்டில் இருப்பது உன் பேர் இல்லை, என் பேர். அது எப்படி மாறியது என்று உனக்குச் சொல்லாமல் வண்டி ஏற எனக்கு மனசில்லை. கூட நாலு பேர் இதை ஒட்டுக்கேட்டால் கேட்கட்டும், நம் வீட்டில் மறைக்க என்ன இருக்கிறது?

நம் வீடு உனக்குத் தெரியும். ஒட்டுக்கேட்பவர்களுக்குத் தெரியாதே, அவர்களுக்காகச் சொல்கிறேன். மயிலம் ஸ்டேஷனைத் தாண்டித் திண்டிவனம் போகிற வழியில், ஒரு வண்டிப்பாதை தண்டவாளத்தைக் குறுக்கே கடக்கிற இடத்தில் ஒரு கேட்டு. கேட்டை ஒட்டி ஒற்றை அறை வீடு. அப்பா கேட்டுக்காரர். ரயில் வருமுன் கேட்டை மூடிக் கொடியோடு நிற்பதும், போன பிறகு திறந்துவிடுவதும் அவர் உத்தியோகம். எந்நேரமும் யாராவது ஒருவர் கேட்டில் இருந்தே ஆக வேண்டும், அது ரயில்வே சட்டம். எத்தனையோ வண்டி நம் வாசலை உரசிக்கொண்டு போகிறது. ஒன்றுகூட நிற்காது.

அம்மா இறந்தபோது நான் திண்டிவனத்தில் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் நாலாவது பாரம் படித்துக்கொண்டிருந்தேன். கணக்கில் நான்தான் முதல். ஆனால் அப்பா சாப்பிட வேண்டும், கொஞ்சம் கண்ணயர வேண்டும், அந்த நேரத்தில் கேட்டைப் பார்க்க ஆள் வேண்டும். நீயோ விழுப்புரத்தில் இஞ்சினீயர் ஆபீஸில் சங்கிலி பிடித்து நிலம் அளக்கிற கலாசி வேலையில் சேர்ந்துவிட்டாய். மிச்சம் யார்? நான்தான். யாரும் என்னைக் கட்டிப் போடவில்லை. "கொஞ்ச நாளைக்கும்மா" என்றார் அப்பா. அந்தக் கொஞ்ச நாள் வருஷக்கணக்காக முடியவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு அப்பாவும் நானும் சேர்ந்து போனதே கிடையாது. ஒரு வாரம் அவர், ஒரு வாரம் நான். பங்குனி உத்திரத்துக்கு மயிலம் மலைக்குக் காவடி எடுத்துக்கொண்டு கூட்டம் கூட்டமாக நம் கேட்டைத் தாண்டிப் போவார்கள். மல்லாட்டைக் கடலை மூட்டை ஏற்றிய வண்டிகள் திண்டிவனம் சந்தைக்குப் போகும். எல்லாருக்கும் கேட்டைத் திறந்துவிட்டு, அவர்கள் போகிற திக்கைப் பார்த்துக்கொண்டு நிற்பது என் வேலை. கேட்டுக்காரர் மகள் என்றால் ஊருக்கே வழிவிடுகிறவள் என்று நீ கேலி பண்ணுவாய். உனக்கென்ன, சனிக்கிழமை வந்து திங்கட்கிழமை போய்விடுகிற ஆள்.

அந்தச் சனிக்கிழமைகளில் ஒன்றில்தான் நீ பம்பாய்ப் பாடக்கட்டைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டாய். சாகிறவரைக்கும் சங்கிலி பிடிக்க உனக்கு இஷ்டமில்லை, ஓவர்சீயர் ஆக வேண்டும், அதற்கு இந்தப் படிப்பு. பாடத்தைப் படித்து, கடைசியில் இருக்கிற கணக்குகளைப் போட்டு அனுப்பினால், அங்கே ஒரு வாத்தியார் சிவப்பு மசியில் திருத்தித் திருப்பி அனுப்புவார். சரியாக இருந்தால் அடுத்த பாடம் வரும், தப்பாக இருந்தால் மறுபடி போடு என்று அதே கணக்கு வரும். அந்த வாத்தியார் கடைசியில் போடுகிற கையெழுத்திலிருந்து அவர் பேர் நமக்குப் புரிந்ததே இல்லை. சிவப்பு மசிக்காரர் என்று நாமே பேர் வைத்துவிட்டோம்.

கட்டோடு வந்த விதிமுறைத் தாளை நீ உரக்கப் படித்தது நினைவிருக்கிறதா? மாணவர் இறந்துபோனால், தகப்பனார் கையெழுத்துப் போட்டு எழுதித் தந்தால், கூடப்பிறந்தவர் யாராவது படிப்பைத் தொடரலாம் என்று ஒரு விதி. "ஞானம், பாத்தியா? நான் செத்தா நீ ஓவர்சீயரு" என்று சொல்லிச் சிரித்தாய். உன் வாயில் நல்ல வார்த்தையே வராதா, அண்ணா?

இரண்டு வண்டிகளுக்கு நடுவில் ஒரு கணக்கு என்பதுதான் நம் முறை. நீ சாமான்களை அறிந்தவன். எந்த மரம் எப்படி முறியும், எந்தக் கம்பி எவ்வளவு நீளும் என்று தொட்டுப் பார்த்தவன். எனக்குக் கோடும் கோணமும் இங்கிலீஷும் தெரியும். நீ படத்தைப் பார்த்ததுமே, "ஜல்தி விடையப் போடு" என்பாய். நான் படிப்படியாகத்தான் போடுவேன் என்று அடம் பிடிப்பேன். அதற்குள் மெயில் வருகிற சத்தம் கேட்கும், கணக்கை அப்படியே விட்டுவிட்டு நான் கேட்டை மூட ஓடுவேன். திரும்பி வந்தால் நீ நடுவில் இரண்டு வரியைத் தாண்டி எதையாவது எழுதிவைத்திருப்பாய். எத்தனை முறை அதற்காகச் சண்டை போட்டிருப்போம்?

முதல் பாடத்தில் இருந்த வழிமுறையை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. ஒரு பொருள் ஏன் அசையாமல் நிற்கிறது என்று தெரிய வேண்டுமானால், அதை மட்டும் தனியே பெயர்த்து வரை. அதைத் தாங்குகிற சுவர், பிடிக்கிற கயிறு எல்லாவற்றையும் அழித்துவிடு. அழித்த ஒவ்வொரு இடத்திலும், அந்தச் சுவரோ கயிறோ எந்தப் பக்கம் தள்ளியதோ இழுத்ததோ அந்தப் பக்கம் ஓர் அம்பு போடு, பொருளின் எடைக்குக் கீழ்நோக்கி ஓர் அம்பு போடு. அம்புகளை எல்லாம் கூட்டினால் பூஜ்யம் வரும். பலமே இல்லாததால் அது நிற்கவில்லை, எல்லாப் பக்கமும் சமமாக இழுப்பதால் நிற்கிறது. இதைப் படித்துவிட்டு நான் நிமிர்ந்து வெளியே கேட்டைப் பார்த்தேன். என்ன ஆச்சு என்று நீ கேட்டாய். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன்.

பிறகு வந்தது அந்தக் கேட்டுக் கணக்கு. முந்நூறு ராத்தல் எடையுள்ள கதவு ஒன்று, கம்பத்தில் இரண்டு கீல்களில் தொங்குகிறது. பாரம் முழுவதையும் கீழ்க்கீல் தாங்குகிறது. மேல்கீலில் உள்ள இழுப்பு எவ்வளவு? நம் வீட்டு வாசலைப் பார்த்துவிட்டுத்தான் எழுதினார்களோ என்று எனக்குச் சிரிப்பு வந்தது. பாரமே தாங்காத கீலுக்கு என்ன இழுப்பு இருக்கப் போகிறது என்றாய் நீ. நான் போட்டுப் பார்த்தேன். நானூற்றைம்பது ராத்தல் வந்தது.

"கதவே முந்நூறு. அதவிட ஜாஸ்தி எங்கிருந்து வரும்? அச்சுல ஏதோ தப்பு" என்று நீ சாதித்தாய். அகலம் அதிகம், கீல்களுக்கு நடுவில் இடைவெளி குறைவு, கதவு முழுவதும் கம்பத்திலிருந்து சாயப் பார்க்கிறது, சாயவிடாமல் பிடித்துக்கொண்டிருப்பது மேல்கீல் மட்டும்தான் என்று நான் தொண்டை வற்றச் சொன்னேன். நம்புகிற ஆளா நீ? நேராக வெளியே போய், நம் கேட்டின் நுனியில் ஏறித் தொங்கிக்கொண்டு, "இப்பப் பாரு" என்றாய்.

பார்த்தேன். மேல்கீலின் போல்ட்டு கம்பத்தைப் பிய்த்துக்கொண்டு வந்தது. கதவும் நீயும் சேர்ந்து மல்லாட்டை வண்டி மாட்டின் முன்னால் விழுந்தீர்கள். மாடு மிரண்டது, வண்டிக்காரர் திட்டினார், அப்பா கையில் இருந்த கொடிக்கம்பாலேயே உன்னைத் துரத்தினார். கதவை மாட்டக் கூலியாட்கள் வருகிறவரைக்கும் குறுக்கே சங்கிலியைக் கட்டித்தான் சமாளித்தோம். காற்றில் விழுந்துவிட்டது என்று அப்பா அவர்களிடம் சொன்னார். அன்றைக்கு ஓர் இலைகூட ஆடவில்லை. அம்மா போன பிறகு நம் வீட்டில் அவ்வளவு சிரிப்பு அன்றைக்குத்தான்.

அப்புறம் நீ விஷ ஜுரத்தில் படுத்தாய். விழுப்புரம் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று தகவல் வந்ததும் அப்பா ஓடினார். அவருக்குப் பதில் ஆள் வரவில்லை. நான் கேட்டிலேயே இருந்தேன். உன் முகத்தைப் பார்க்க நான் வரவில்லை, அண்ணா. வர முடியவில்லை.

உன்னை ரயிலில் மயிலம் வரைக்கும் கொண்டுவந்து, அங்கிருந்து மாட்டு வண்டியில் ஏற்றினார்கள். கல்லறை நம் கேட்டுக்கு அந்தப் பக்கம். வண்டி கேட்டுக்கு வருகிற நேரத்தில் யுத்தத்துக்குச் சிப்பாய்களை ஏற்றிப் போகிற பட்டாளத்து ஸ்பெஷல் ஒன்று வருவதாக மணி அடித்துவிட்டது. நான் என்ன செய்ய? கேட்டை மூடினேன். உன்னை ஒரு பக்கம் நிறுத்திவைத்துவிட்டு, மறுபக்கம் கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உன் கால்மாட்டில் உட்கார்ந்திருந்த அப்பா என்னைப் பார்த்தார், நான் அப்பாவைப் பார்த்தேன். சிப்பாய்கள் ஜன்னல் வழியே கையை ஆட்டிக்கொண்டு போனார்கள். அந்த வண்டி எவ்வளவு நீளம் என்று உனக்குத் தெரியாது. என் ஆயுசில் அவ்வளவு நீளமான வண்டியை நான் பார்த்ததில்லை. அது போன பிறகு கதவைத் திறந்தேன், நீ போனாய். உன் கூட நடக்க என்னால் முடியவில்லை, அடுத்த வண்டி இருந்தது.

அதற்குப் பிறகு அப்பா படுத்துவிட்டார். கேட்டு வேலைக்கு எழுந்திருப்பார், முடிந்ததும் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார். பேச்சு இல்லை. பிள்ளையைப் பறிகொடுத்த பாரம் முழுவதும் அந்த மனுஷன் தலையில் என்று போகிறவர் வருகிறவர் எல்லாரும் சொன்னார்கள். மகள் பரவாயில்லை, தைரியசாலி, சமைக்கிறாள், கேட்டு மூடுகிறாள் என்றார்கள். மேல்கீல் கணக்கு அவர்களுக்கு என்ன தெரியும்?

ஒரு நாள் காலையில் தபால்காரர் கோவிந்தண்ணன் வந்தார். கேட்டு மூடியிருந்தால் சைக்கிளை அந்தப் பக்கம் நிறுத்தி, தண்டவாளத்துக்கு அப்பாலிருந்தே பேர் சொல்லிக் கத்துவது அவர் வழக்கம். அன்றைக்கும் பழக்க தோஷத்தில், "சவரிநாதன்! பம்பாய் தபால்!" என்று கத்திவிட்டார். கத்திய பிறகுதான் அவருக்கு உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். நீ படுக்கிறதுக்கு முந்தி அனுப்பிய பதில்தாள் திருத்தி வந்திருந்தது.

உள்ளே சுவரைப் பார்த்துப் படுத்திருந்த அப்பா எழுந்தார். வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார். "இங்கதான், குடு" என்று கையை நீட்டி வாங்கினார். கவரைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, திரு இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே வைத்தார். அன்றைக்கு உட்கார்ந்து ஒழுங்காகச் சாப்பிட்டார். இரண்டாவது முறை குழம்பு கேட்டார்.

நான் என்ன செய்தேன் என்று உனக்குப் புரிந்திருக்கும். உள்ளே இருந்த அடுத்த பாடத்தை எடுத்தேன், கணக்கைப் போட்டேன், உன் பேரை எழுதி அனுப்பினேன். அடுத்த கவர் வந்தது, கோவிந்தண்ணன் கத்தினார், அப்பா எழுந்து வந்தார். செத்தவர் பேருக்கு வருகிற தபாலைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது அவர்கள் விதி. நல்ல மனுஷன், அதை அவர் பேசவே இல்லை.

அப்பாவுக்காக மட்டும் செய்தேன் என்று சொன்னால் அது பொய். எனக்கு அந்தக் கணக்குகள் வேண்டியிருந்தன. உத்தரத்துக்கும் தூணுக்கும் நடுவே இருக்கிற நேரத்தில் நான் கேட்டு வீட்டில் இல்லை. ஒவ்வொரு பலத்தையும் ஒரு கோடாக வரைந்துகொண்டே போனால், கடைசிக் கோடு தொடங்கிய புள்ளிக்கே வந்து சேருமே, அப்போது எனக்கு வருகிற சந்தோஷத்தை நான் வேறு எதிலும் கண்டதில்லை. சரியாக வந்தால் பாட்டுக்கூட பாடுவேன்.

அப்படியே பாடங்கள் குறைந்துகொண்டே வந்தன. ஒரு நாள் கட்டைப் பிரித்தேன், 'இது கடைசிப் பாடம்' என்று முதல் வரியிலேயே போட்டிருந்தது. இதைச் சரியாகப் போட்டு அனுப்பினால், பரீட்சைக்கு நேரில் வா என்று உன்னைக் கூப்பிடுவார்கள். நீ எங்கே போவது? அதோடு தபால் நின்றுவிடும். உன் பேரை இந்தக் கேட்டில் கூப்பிட யாரும் இருக்க மாட்டார்கள்.

இன்னொரு வழி எனக்குத் தெரியாமல் இல்லை. நீ சிரித்துக்கொண்டே படித்த அந்த விதி. என் மகன் இறந்துவிட்டான் என்று அப்பா கையெழுத்துப் போட்டால் நான் என் பேரிலேயே பரீட்சை எழுதலாம். அது எனக்கு எவ்வளவு அவசியம் என்பதையும் கேள். வருகிற ஆவணியோடு அப்பாவுக்கு வேலை முடிகிறது, இந்த வீட்டைக் காலி செய்ய வேண்டும். விழுப்புரம் இஞ்சினீயர் ஆபீஸில் ஆண்கள் பலர் பட்டாளத்துக்குப் போய்விட்டதால், கட்டட வரைபடம் போடப் பெண்களையும் எடுக்கிறார்கள், சர்டிபிகேட் மட்டும் கேட்கிறார்கள் என்று கோவிந்தண்ணன் சொல்லியிருந்தார். கதவு திறந்துதான் இருந்தது. அதைத் தாண்ட வேண்டுமானால், உன் பேரைக் கேட்டு எழுந்து வருகிற மனுஷனிடம் போய், அவன் செத்துவிட்டான் என்று எழுதிக் கொடு என்று நான் கேட்க வேண்டும். எந்த வாயால் கேட்பேன்?

அதனால் தப்பாகப் போட்டேன். தெரிந்தே, வேண்டுமென்றே. நூறு ராத்தல் வைத்த உத்தரத்தை இரண்டு சுவர்களும் சேர்ந்து நூற்றிருபது ராத்தல் பலத்தோடு தாங்குவதாக எழுதி அனுப்பினேன். 'உமது உத்தரம் ஆகாயத்தில் பறந்துவிடும், மறுபடி செய்யவும்' என்று சிவப்பு மசியில் வந்தது. கோவிந்தண்ணன் கத்தினார், அப்பா எழுந்தார். பிழைத்தோம் என்று நினைத்தேன்.

தப்பாகப் போடுவது லேசு என்று நினைக்காதே. ஒரே தப்பைத் திரும்பச் செய்தால் அவருக்குச் சந்தேகம் வரும். அடியை அங்குலமாக மாற்றாமல் விட்டேன். அழுத்துகிற கம்பியை இழுக்கிற கம்பி என்றேன். அந்தத் தூணின் அடி பதிந்திருக்கிறதா, சும்மா நிற்கிறதா என்பதை மாற்றிப் போட்டேன். முதலில் சரியான விடையைச் சிலேட்டுப் பலகையில் போட்டுப் பார்ப்பேன், அது அழகாக வரும், பிறகு அதை அழித்துவிட்டு எங்கே கெடுக்கலாம் என்று தேடுவேன். கோடு வந்து சேர வேண்டிய புள்ளி எனக்குத் தெரியும், அதற்குப் பக்கத்தில் வேண்டுமென்றே நிறுத்துவேன். பாட்டு நின்றுவிட்டது. ஒரு நாள் கணக்குக்குப் பதில் பலகையில் என்னையே வரைந்தேன். ஒரு பக்கம் அப்பா, ஒரு பக்கம் உன் பேர், ஒரு பக்கம் இந்தக் கேட்டு, எதிரே விழுப்புரம். எல்லா அம்பும் போட்டாயிற்று. கூட்டிப் பார்க்கவே தேவையில்லை. அப்பா வருகிற சத்தம் கேட்டு அழித்துவிட்டேன்.

உன் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. நீ பாட்டுக்குப் போய்விட்டாய். உயிரோடு இருந்தபோது சனிக்கிழமைதான் வருவாய், செத்த பிறகு தினமும் வீட்டில் உட்கார்ந்திருக்கிறாய் என்று உன்னைத் திட்டியிருக்கிறேன். கேட்டதா?

போன மாசம் வந்த தாளில் சிவப்பு மசி நாலு வரிக்கு மேல் இருந்தது. 'உமக்கு உடம்பு சரியில்லையா? சென்ற பாடங்களில் இதைவிடக் கடினமானவற்றைப் பிசகின்றிச் செய்தவர் நீர். இந்தத் தப்புகள் உம்முடையவை அல்ல' என்று எழுதியிருந்தார். எங்கோ பம்பாயில் உட்கார்ந்திருக்கிற, முகம் தெரியாத ஒரு மனுஷனுக்கு நான் யார் என்று தெரிந்திருக்கிறது. அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். கேப்பைக் களி அடிபிடித்த வாசனை வந்த பிறகுதான் எழுந்தேன்.

அப்பா வாசலில் கொடியைச் சுற்றிக்கொண்டிருந்தார். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். அதுவரைக்கும் அவர் கேட்டதே இல்லை. எல்லாம் சரியாக இருக்கிறதாம் என்றேன்.

"கொஞ்ச நாளா கவரு மெலிசா வருதேம்மா" என்றார் அப்பா. "புதுப் பாடம் வந்தா கனமா இருக்கும். இது திருப்பி அனுப்பறதுதானே?"

ஒவ்வொரு கவரையும் அவர்தானே கையில் வாங்குகிறார்? எடை பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார், அண்ணா. இத்தனை நாளும்.

"நீ பாடறதும் இல்ல. தப்புத் தப்பாப் போட்டுக்கினு இருக்கியா?"

"அவன் பேரு நின்னு போயிடும்பா" என்றேன்.

அப்பா கொடியைக் கீழே வைத்தார். "பேரு எங்க போவும்? நான் வச்ச பேரு அது. அவன் இல்லன்னு எனக்குத் தெரியாதா? நான்தானே மண்ணு போட்டேன். கோவிந்து கூப்புடசொல்லோ நல்லாத்தான் இருக்குது. அதுக்காவ உன்ன இங்க அடைச்சி வச்சிக்கினு கேக்கணுமா நானு?"

விதியைச் சொன்னேன். எழுது என்றார். நான் இங்கிலீஷில் எழுதி, தமிழில் படித்துக் காட்டினேன். இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். 'என் மகன்' என்று போட்டிருக்கிறாயா, வெறும் பேரை மட்டும் போட்டிருக்கிறாயா என்று கேட்டார். மகன் என்றுதான் போட்டிருக்கிறேன் என்றேன். தகரப்பெட்டியின் மேல் வைத்து, எழுத்து எழுத்தாகத் தன் பேரைப் போட்டார். அவர் அழுவதை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். நானும் அழுதேன், இந்த முறை அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு.

அதோடு அந்தக் கடைசிப் பாடத்தைச் சரியாகப் போட்டு, அதே கவரில் வைத்தேன். தூண் நின்றது, உத்தரம் பறக்கவில்லை, கோடு தொடங்கிய இடத்துக்கு வந்து சேர்ந்தது. கோவிந்தண்ணன் அதை வாங்க வந்தபோது கேட்டு மூடியிருந்தது. கூட்ஸ் போய் முடிகிறவரைக்கும் அப்பா காத்திருந்தார். பிறகு நானே எதிர்பார்க்காதபடி, தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு உரக்கச் சொன்னார்.

"கோவிந்து, இனிமே சவரி பேருக்குத் தபால் வராது. ஞானப்பூன்னு வரும். அதயும் அதே மாதிரி சத்தமாக் கூப்புடு."

கோவிந்தண்ணன் தலைப்பாகையை எடுத்துவிட்டார். சரி என்று மட்டும் சொன்னார்.

பதில் வர நாளாயிற்று. வராது என்றே நான் நினைத்துவிட்டேன். நான் அடுப்படியில் இருந்தேன், அப்பா உள்ளே படுத்திருந்தார். "ஞானப்பூ! பம்பாய் தபால்!" என்று சத்தம் கேட்டது. நான் அசையவில்லை. பழக்கத்தில் அப்பா எழுந்து வெளியே போவார் என்று காத்திருந்தேன். அவரும் எழுந்திருக்கவில்லை. சுவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துப் படுத்திருந்தார். "போம்மா, உன்னத்தான் கூப்புடறாரு" என்றார்.

நானே போய் வாங்கினேன். சிவப்பு மசிக்காரர் உனக்காக ஒரு வரி அனுதாபம் எழுதியிருந்தார், எனக்காக ஒரு வரி. 'கடைசிப் பாடம் சரி, உத்தரத்தை இனிப் பறக்கவிட வேண்டாம்' என்று. கூடவே பட்டணத்தில் பரீட்சை என்று ஹால் டிக்கெட்.

இதுதான் சமாசாரம். நாளைக்குக் கேட்டைப் பார்க்க அப்பா ஒருவர்தான், ஆளில்லாமல் எப்படிச் சமாளிப்பார் என்று தெரியவில்லை. நான் பாஸாவேனா, ஆபீஸில் என்னை எடுப்பார்களா, ஆவணிக்குப் பிறகு அப்பாவும் நானும் எங்கே இருப்போம், எதுவும் தெரியவில்லை. பயமாகத்தான் இருக்கிறது. இத்தனை வருஷம் வண்டிகளை வெளியிலிருந்து பார்த்தவள், உள்ளே உட்கார்ந்தால் எப்படி இருக்கும்?

ஒன்று மட்டும் தெரியும். மயிலத்தில் ஏறினால் நம் கேட்டைத் தாண்டித்தான் திண்டிவனம். கேட்டு மூடியிருக்கும், அப்பா பச்சைக் கொடியோடு நிற்பார். வண்டி நம் வீட்டைக் கடக்க ஒரு நிமிஷம்கூட ஆகாது. நான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, கோவிந்தண்ணன் கூப்பிடுகிற மாதிரி முழுப் பேராக, "சவரிநாதன்!" என்று கத்தப் போகிறேன். பெட்டியில் இருப்பவர்கள் பைத்தியம் என்று நினைத்தால் நினைக்கட்டும். போகும்போதும் கூப்பிடுவேன், வரும்போதும் கூப்பிடுவேன். இந்த வழியாக எப்போது போனாலும் கூப்பிடுவேன். அப்பா காதில் விழும். இது உன் மேல் சத்தியம்.

ஒழுகுகிற பேனாவோடு,
உன்னைத் திட்டுவதற்கென்றே கூடப்பிறந்த தங்கை,
ஞானப்பூ